காரின் ஆயிலும் ஃபில்டரும் நாமே மாற்றலாம்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படி மாட்டுவது

கார் ஆயில் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த கம்பெனி ஆயில் நல்லது?" என்றுதான். அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் கிடையாது என்பது என் கருத்து. நல்ல பெயருள்ள எந்த கம்பெனியும் உங்கள் என்ஜினுக்குப் பொருந்துகிற ஆயிலையும் தயாரிக்கும், பொருந்தாத ஆயிலையும் தயாரிக்கும். இரண்டும் ஒரே நிற டப்பாவில் பக்கத்துப் பக்கத்தில்தான் அடுக்கியிருக்கும். கேட்க வேண்டியது "என் என்ஜினுக்கு என்ன கிரேடு, என்ன தரக்குறியீடு?" என்று. அதற்குப் பதில் காரோடு வந்த கையேட்டிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் டாஷ்போர்டுக்குள் கிடக்கிறதே, அதுதான்.

கையேட்டின் பின்பகுதியில் திரவங்களின் அளவும் தரமும் போட்ட ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஆயில் கிரேடு, தரக்குறியீடு, ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர், கூலன்ட் வகை, பிரேக் ஆயில் வகை, கியர்பாக்ஸ் ஆயில் வகை எல்லாம் அதில் இருக்கும். ஒரே மாடல் காரில் பெட்ரோல், டீசல், டர்போ என்று மூன்று நான்கு என்ஜின் வரும், ஒவ்வொன்றுக்கும் அளவும் தரமும் வேறு. உங்கள் என்ஜின் எது என்று பார்த்து அந்த வரியை மட்டும் எடுங்கள்.

டப்பாவில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது

5டபிள்யூ-30 என்று போட்டிருக்கும். இதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. முதல் எண், வண்டி குளிர்ந்து கிடக்கும்போது ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு. எண் குறையக் குறைய கடுங்குளிரிலும் ஓடும். 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியில் என்ஜினைச் சுழற்ற விடுகிற அளவுக்கு இளகியிருக்க வேண்டும், 10டபிள்யூ என்றால் அந்தச் சோதனை மைனஸ் 25 டிகிரியில். கடைசியில் வரும் 30 என்பது என்ஜின் சூடான பிறகு, 100 டிகிரி செல்சியஸில், ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைச் சொல்கிறது. எல்லா ஆயிலும் சூட்டில் இளகத்தான் செய்யும், எது எவ்வளவு இளகாமல் தாங்குகிறது என்பதில்தான் வித்தியாசம்.

"வெயில் ஊர், பழைய வண்டி, கெட்டியா ஊத்துங்க" என்று சொல்கிறவர்கள் நிறைய. கையேடு அனுமதிக்கிற வரம்புக்குள் ஒரு படி கெட்டியாகப் போகலாம், பல கையேடுகள் வெளி வெப்பநிலையைப் பொறுத்து இரண்டு மூன்று கிரேடுகளைக் கொடுத்தே இருக்கின்றன. அதைத் தாண்டிப் போகாதீர்கள். இப்போதைய என்ஜின்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுகிற அமைப்பு ஆயில் அழுத்தத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது, பேரிங் இடைவெளியும் ஆயிலின் குறிப்பிட்ட கெட்டித்தன்மைக்கு ஏற்றபடிதான் வைக்கப்பட்டிருக்கிறது. 0டபிள்யூ-20 கேட்கும் என்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறுவதற்கு நேரம் எடுக்கும். அந்தச் சில நொடிகளில் என்ஜின் தேய்மானம் கூடும்.

கிரேடு பாதி விஷயம்தான், மறுபாதி தரக்குறியீடு. ஏபிஐ என்ற அமெரிக்க அமைப்பின் குறியீட்டில் எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் என்ஜின், சி என்று தொடங்கினால் டீசல். 2020இல் வந்த எஸ்பி, அதற்கு முந்தைய எஸ்என் கேட்கும் பெட்ரோல் என்ஜினுக்கும் போகும். ஆனால் எஸ்பி கேட்கிற என்ஜினுக்குப் பழைய எஸ்என் போடுவது சரியில்லை. சின்ன டர்போ பெட்ரோல் என்ஜின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கிற ஒரு பிரச்சினை உண்டு, அதைத் தடுப்பதற்கான சோதனையும் டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் எஸ்என்னில் இல்லை, எஸ்பியில் உண்டு. டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஐரோப்பிய அமைப்பின் குறியீடு ஏசிஇஏ. அதில் சி2, சி3 என்று சி வரிசையில் வருபவை சாம்பல் குறைவாக விடும் ஆயில்கள். டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்க சைலன்சர் பாதையில் ஒரு வடிகட்டி இருக்கும். கரியை அது தானாகச் சூடேற்றி எரித்துவிடும், ஆனால் ஆயிலில் கலந்திருக்கும் உலோகச் சேர்மங்கள் எரிந்து விடுகிற சாம்பல் எரியாது, உள்ளேயே தங்கி நாளடைவில் அடைத்துவிடும். தவறான ஆயில் ஊற்றினால் அன்றைக்கே ஒன்றும் ஆகாது. பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த வடிகட்டியையே கழற்றி மாற்ற வேண்டி வரும்போதுதான் தெரியும், அது ஆயில் செலவைப்போலப் பல மடங்கு இழுக்கும். இதே ஏபிஐ எஸ், சி இரண்டும் டப்பாவில் சேர்ந்து போட்டிருந்தால் பெட்ரோல் டீசல் இரண்டுக்கும் ஆகும் என்று அர்த்தம். அப்போதும் உங்கள் கையேட்டில் சி3 என்றிருந்தால் டப்பாவிலும் சி3 இருக்கிறதா என்று தேடுங்கள்.

இதற்கும் மேலே கார் கம்பெனிகள் தனித்தனியாக ஒரு எண் வைத்திருக்கின்றன. ஃபோக்ஸ்வாகன் 504 00, 507 00, மெர்சிடிஸ் 229.51 என்றெல்லாம் வரும். இங்கே டப்பாவின் பின்பக்கத்தில் வார்த்தைகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். "அங்கீகரிக்கப்பட்டது" என்று போட்டிருந்தால் கார் கம்பெனி சோதனை முடிவுகளைப் பார்த்து ஒப்புக்கொண்டது. "இந்தத் தரத்துக்குப் பொருத்தமானது", "இந்தத் தரம் கேட்கும் வண்டிகளுக்குப் பரிந்துரைக்கிறோம்" என்றிருந்தால் அது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. இரண்டாவது வகை கட்டாயம் மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாரன்டியில் இருக்கிற வண்டிக்கு முதல் வகையைத்தான் நான் எடுப்பேன்.

முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், அந்தச் சொல்லுக்கு எல்லா நாட்டிலும் ஒரே வரையறை இல்லை. சரியான தரக்குறியீடுள்ள ஆயில் எதுவோ அதை எடுங்கள். ஆயிலில் ஊற்றும் மற்ற மருந்துகள், அதாவது சத்தம் குறைக்கும், மைலேஜ் கூட்டும் என்று சின்ன பாட்டிலில் வருபவை, வேண்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆயிலில் ஏற்கெனவே இருக்கிற சேர்மங்கள் ஒன்றுக்கொன்று அளந்து கலந்தவை, நடுவில் நாம் ஒன்றை ஊற்றி அந்தக் கணக்கைக் கெடுப்பானேன்.

ஃபில்டர்

ஆயிலுக்கு யோசிக்கிற அளவில் பத்தில் ஒரு பங்குகூட யாரும் ஃபில்டருக்கு யோசிப்பதில்லை. உண்மையில் மலிவு சரக்கு என்ஜினைக் கெடுக்க வாய்ப்பு அதிகம் உள்ள இடம் இதுதான். வெளியே பார்த்தால் பெயின்ட் அடித்த ஒரு தகர டப்பா, உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது.

பழைய ஃபில்டர் ஒன்று கையில் இருந்தால் ஆயிலை முழுதாக வடியவிட்டு அறுத்துப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக விசிறி போல அடுக்கிய வடிதாள், நடுவில் ஓட்டைகள் போட்ட ஒரு குழாய், அடியில் ஒரு ஸ்பிரிங், மேலே ஒரு ரப்பர் விரிப்பு, இவ்வளவுதான் இருக்கும். ரப்பர் விரிப்பின் வேலை, என்ஜின் நின்ற பிறகு ஃபில்டருக்குள் இருக்கும் ஆயில் பின்னோக்கி வடிந்துவிடாமல் தடுப்பது. படுத்த நிலையிலோ தலைகீழாகவோ மாட்டுகிற என்ஜின்களில் இது ரொம்ப முக்கியம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒன்றிரண்டு நொடி 'கடகட'வென்று சத்தம் வந்து அடங்கினால் முதலில் இந்த ரப்பரைத்தான் சந்தேகப்பட வேண்டும். சாதாரண ரப்பர் சூட்டில் நாளாக நாளாக விறைத்துப்போகும், சிலிக்கோன் ரப்பர் கூடுதல் நாள் மெத்தென்று இருக்கும்.

ஸ்பிரிங்கோடு சேர்ந்து இருப்பது பைபாஸ் வால்வு. வடிதாள் அடைத்துக்கொண்டாலோ குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ இது திறந்து, வடிகட்டாத ஆயிலையே என்ஜினுக்கு விடும். அழுக்கு ஆயில் போனாலும் பரவாயில்லை, ஆயிலே போகாமல் இருந்தால் என்ஜின் போய்விடும் என்பது கணக்கு. அது எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது என்ஜினுக்கு என்ஜின் மாறும். மரை பொருந்துகிறது என்பதற்காக வேறு வண்டியின் ஃபில்டரை மாட்டக் கூடாது என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். சில என்ஜின்களில் இந்த வால்வு என்ஜின் பிளாக்கிலேயே இருக்கும், அதற்குரிய ஃபில்டரில் இருக்காது. மாற்றி மாட்டினால் எங்கேயுமே பைபாஸ் இல்லாத நிலைகூட வரலாம்.

இன்னொரு காரணம் மரையிலேயே இருக்கிறது. முக்கால் இன்ச் 16 மரை என்று ஒரு அளவு, எம்20 × 1.5 என்று இன்னொரு அளவு. இரண்டும் புழக்கத்தில் உள்ளவை, கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். முக்கால் இன்ச் என்பது 19.05 மில்லிமீட்டர், அதன்மேல் 20 மில்லிமீட்டர் ஃபில்டர் லூசாக ஏறிவிடும், இறுகியதுபோலக்கூட இருக்கும். ஓடும்போது அழுத்தம் ஏறினால் பிய்த்துக்கொண்டு போகும், ஆயில் மொத்தமும் சாலையில் கொட்டும். அதனால் பார்ட் நம்பரை வைத்து வாங்குங்கள், வாங்கியதைப் பழையதன் பக்கத்தில் வைத்து ரப்பர் வளையத்தின் விட்டம், மரை, உயரம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மரை கையால் லகுவாக, ஆட்டமில்லாமல் ஏற வேண்டும்.

டப்பாவில் "99 சதவீதம் வடிகட்டும்" என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. எத்தனை மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் 99 சதவீதம் என்பதுதான் கேள்வி. ஐஎஸ்ஓ 4548-12 சோதனைப்படி 20 மைக்ரானிலோ 25 மைக்ரானிலோ 99 சதவீதம் என்று சொல்கிற ஃபில்டர் நல்ல ஃபில்டர். 40 மைக்ரானில் அதே 99 என்று சொன்னால் சுமார்தான், ஏனென்றால் பேரிங்கைத் தேய்ப்பது பெரும்பாலும் அதைவிடச் சின்ன துகள்கள். ஆயில் மாற்றும் இடைவெளியை 10,000 கிலோமீட்டருக்கும் மேல் வைத்திருக்கிறவர்கள் செயற்கை இழை கலந்த வடிதாள் உள்ளதை வாங்குங்கள். வெறும் காகித வடிதாள் அவ்வளவு தூரம் சூட்டையும் ஈரத்தையும் தாங்குவது சிரமம்.

கார் கம்பெனியின் ஃபில்டர் அல்லது பாஷ், மான், மாலே போல கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்கிறவர்களின் ஃபில்டர், இரண்டில் எதுவானாலும் நம்பலாம். அந்தப் பெயர்களில் போலியும் நிறைய வருகிறது. அச்சு மங்கல், எழுத்துப்பிழை, ஓட்டைகளின் விளிம்பில் பிசிறு, ரப்பர் வளையம் குழியில் சரியாக உட்காராமல் துருத்திக்கொண்டிருப்பது, கையில் எடுத்தால் பழையதைவிடக் கனம் குறைவாக இருப்பது, இப்படி ஏதாவது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, மாற்றுவது எப்படி

சமதளமான இடம், ஹேண்ட் பிரேக், தரையிலேயே நிற்கிற சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. வண்டியை ஜாக்கில் தூக்கிய பிறகு ஜாக் ஸ்டாண்டில் இறக்குங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகவே கூடாது, செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்கக் கூடாது. பாரத்தில் அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்டாண்டில் நின்ற வண்டியைக் கையால் நன்றாக ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள், அசையாமல் நின்றால்தான் உள்ளே போகலாம். ஸ்டாண்ட் இல்லாதவர்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். இதில் சமரசமே கிடையாது.

என்ஜினை ஐந்து நிமிடம்போல ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் வெதுவெதுப்பானால் அழுக்கோடு சேர்ந்து நன்றாக வடியும். நீண்ட தூரம் ஓட்டி வந்த கையோடு திறந்தால் கை வெந்துவிடும். மேலே ஆயில் ஊற்றுகிற மூடியை முதலில் திறந்துவிட்டுக் கீழே போங்கள், காற்று உள்ளே போனால் ஆயில் விக்காமல் இறங்கும்.

வடிகிற ஆயிலைப் பிடிக்கிற தட்டு, கையேட்டில் சொன்ன அளவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். என்ஜினின் அடியில் ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட்டைக் கழற்றும்போது அண்ணாந்து படுத்திருக்கிறோம் என்பதால் எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்பும். கீழேயிருந்து போல்ட்டின் தலையை நேராகப் பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் கழலும். ஸ்பேனரால் இளக்கியதும் மீதியைக் கையால், போல்ட்டை உள்பக்கமாக அழுத்திக்கொண்டே திருப்பி, மரை முடிந்தது தெரிந்ததும் சடாரென்று கையை விலக்குங்கள். முதலில் ஆயில் நேராகக் கீழே விழாது, தள்ளிப் பாய்ந்து விழும். தட்டை அந்தத் தூரத்துக்கு நகர்த்தி வைத்திருங்கள், வேகம் குறையக் குறைய பின்னால் இழுத்துக்கொண்டே வாருங்கள்.

வடிந்துகொண்டிருக்கும்போது போல்ட்டைத் துடைத்துப் பாருங்கள். சில போல்ட்டுகளின் நுனியில் காந்தம் இருக்கும், அதில் மை போல நைசான கறுப்புப் பூச்சு இருப்பது இயல்பு. விரலில் தட்டுப்படுகிற மாதிரி செதில் செதிலாக உலோகம் இருந்தால் ஆயிலை மாற்றிவிட்டு உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தாலும் அப்படித்தான், கூலன்ட் உள்ளே கசிகிறது. கறுப்பாக இருக்கிறது என்பதற்காகக் கவலைப்படாதீர்கள். டீசல் என்ஜினில் புது ஆயிலே சீக்கிரம் கறுத்துவிடும், கரியைத் தன்னோடு சுமந்துகொள்வதுதான் அதன் வேலை.

போல்ட்டில் இருக்கும் வாஷர் அலுமினியமோ செம்போவாக இருக்கும். நசுங்கி அடைப்பதற்காகச் செய்தது அது, ஒவ்வொரு தடவையும் புதிது போடுங்கள். பழையதைப் போட்டுவிட்டுக் கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கித்தான், என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பில் மரையைக் கழற்றிவிடுகிறார்கள். சம்ப் பெரும்பாலும் அலுமினியம், இரும்பு போல்ட்டின் முன்னால் அது நிற்காது. முதலில் கையாலேயே நான்கைந்து சுற்று ஏற்றுங்கள், கோணலாக ஏறினால் கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். கடைசி இறுக்கத்துக்கு, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டுகிற டார்க் ரென்ச் இருந்தால் நல்லது. பல கார்களில் இது 25 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உங்கள் காரின் சரியான அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

இப்போது ஃபில்டர். கழற்றும்போது ஆயில் வழியும், தட்டை அதன் அடிக்கு நகர்த்துங்கள். கழற்றிய உடனே பழைய ஃபில்டரின் வாயைத் திருப்பிப் பாருங்கள், ரப்பர் வளையம் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அது என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கறுப்பு ஆயில் பூசிய கறுப்பு வளையம், இருட்டான இடம், கண்ணுக்கே தெரியாது. விரலால் தடவிப் பார்த்தால்தான் வழவழப்பான உலோகத்துக்குப் பதிலாக மெத்தென்று ஒரு விளிம்பு தட்டுப்படும். அதைக் கவனிக்காமல் அதன்மேல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும், ஸ்டார்ட் செய்ததும் தாங்குவதுபோலத் தெரியும், கொஞ்ச தூரம் போனதும் ஒன்று பிதுங்கி வெளியே வந்து ஆயிலையெல்லாம் கொட்டிவிடும். வீட்டிலும் சரி, பட்டறையிலும் சரி, ஆயில் மாற்றிய அன்றே என்ஜின் பிடித்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம். எனவே வளையத்தைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

என்ஜினின் அந்த முகப்பைச் சுத்தமான, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். புது ஃபில்டரின் வளையத்தில் புது ஆயிலை விரலால் லேசாகத் தடவுங்கள். காய்ந்த வளையம் திருகும்போது முறுக்கிக்கொள்ளும், அடுத்த முறை கழற்றவும் வராது. ஃபில்டர் வாய் மேல்நோக்கி நிற்கிற என்ஜின் என்றால் பாதி ஆயில் நிரப்பி மாட்டலாம், படுத்த நிலை என்றால் அது வழிந்துதான் போகும், தேவையில்லை. கையால் திருகிக்கொண்டே போய் வளையம் முகப்பைத் தொட்டதும் அங்கிருந்து முக்கால் சுற்று, அவ்வளவுதான். ஃபில்டர் மேலேயே எவ்வளவு சுற்று என்று படம் போட்டிருந்தால் அதன்படி. ரென்ச் கழற்றுவதற்குத்தான், இறுக்குவதற்கு இல்லை.

சில கார்களில் தகர டப்பாவுக்குப் பதிலாக, பிளாஸ்டிக் மூடிக்குள் வைக்கிற வெறும் வடிதாள் உருளை வரும். இதில் மூடியின் ரப்பர் வளையங்களைப் புதிதாக மாற்ற வேண்டும், ஃபில்டர் பெட்டியிலேயே இருக்கும். பழையது எந்தக் குழியில் உட்கார்ந்திருந்தது என்று கழற்றுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு குழி தள்ளிப் போட்டாலும் கசியும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் மூடியின் மேலேயே அச்சாகியிருக்கும், பல கார்களில் 25 நியூட்டன் மீட்டர். பிளாஸ்டிக் என்பதால் வேகத்தைக் காட்டினால் வெடிப்பு விடும்.

கையேடு 4 லிட்டர் என்று சொன்னால் முதலில் மூன்றரை ஊற்றுங்கள். மூடியை மூடி ஸ்டார்ட் செய்யுங்கள், ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். ஆயில் லைட் சில நொடிகளில் அணைய வேண்டும், அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்து ஃபில்டர் ஓரமும் டிரெயின் போல்ட்டும் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நிறுத்தி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து சமதளத்துக்கு இறக்கி, பத்து நிமிடம் பொறுத்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே பல கார்களில் ஒரு லிட்டர்போல வரும், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். கோட்டுக்கு மேலே போனால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும், நுரைக்கு உராய்வைத் தாங்கும் சக்தி கிடையாது. கூடிப்போனால் எடுத்துவிடுங்கள், "இருக்கட்டும்" என்று விடாதீர்கள்.

தேதி, கிலோமீட்டர், போட்ட ஆயில், ஃபில்டர் பார்ட் நம்பர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், பில்லையும் சேர்த்து. முதல் ஓட்டத்துக்குப் பிறகு வண்டி நின்ற இடத்தில் ஒரு அட்டையைப் போட்டு வைத்து மறுநாள் காலையில் பாருங்கள், சொட்டு விழுந்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.

இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை. கையேட்டில் கிலோமீட்டரும் மாதமும் இரண்டும் போட்டிருக்கும், எது முதலில் வருகிறதோ அது. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். கையேட்டில் 'கடினமான பயன்பாடு' என்று ஒரு தனி அட்டவணை உண்டு, குறுந்தூர ஓட்டம், தூசி, நெரிசலில் ஊர்வது எல்லாம் அதில்தான் சேரும். நம்மில் பெரும்பாலோர் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறோம். டிப்ஸ்டிக்கில் அளவு குறையாமல் கூடிக்கொண்டே போனால், பெட்ரோலோ டீசலோ வாடை அடித்தால், நாள் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

மற்ற திரவங்கள்

கூலன்ட்டை நிறத்தைப் பார்த்து வாங்குவது பெரிய தவறு. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் வெறும் சாயம், ஒரு கம்பெனியின் சிவப்பும் இன்னொரு கம்பெனியின் சிவப்பும் வேறு வேறு ரசாயனமாக இருக்கலாம். சிலிகேட் சேர்ந்தது, கரிம அமிலம் சேர்ந்தது, இரண்டும் கலந்தது என்று வகைகள் உண்டு. பொருந்தாத இரண்டைக் கலந்தால் துருத்தடுப்புச் சக்தி போகும், சிலவேளை கூழ்போலத் திரண்டு ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். கையேட்டில் இருக்கிற குறியீடு கூலன்ட் டப்பாவில் இருக்க வேண்டும். அடர் கூலன்ட் வாங்கினால் காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலக்குங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்புகள் உள்ளே படியும். பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. தண்ணீரே கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்கிறார்கள், அது தவறு. கலக்காத எத்திலீன் கிளைகால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும், சூட்டைக் கடத்துவதும் குறைவு. என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், முகத்தில் பீறிட்டு அடிக்கும். எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். சிந்தியதை நாயோ பூனையோ நக்கினால் உயிர் போய்விடும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. உடனே தண்ணீர் விட்டுக் கழுவித் துடையுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிரேக் ஆயிலின் தர வகைகளை டாட் 3, டாட் 4 என்று குறிப்பார்கள். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய நிலையில் அது 155 வரை இறங்கிவிடலாம். டாட் 3இல் இந்த எண்கள் 205, 140. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சுபோல அமுங்கும், பிரேக் பிடிக்காது. அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். சீல் உடைக்காத டப்பாவாகவே வாங்குங்கள், போன வருடம் திறந்த மிச்சத்தை ஊற்றாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கோன், டாட் 3, 4, 5.1 எதோடும் சேராது, டாட் 5.1 வேறு, டாட் 5 வேறு. பெயின்ட்டில் சிந்தினால் பெயின்ட் உரிந்துவிடும். இன்னொன்று, பிரேக் பேட் தேயத் தேய வண்டியிலுள்ள பிரேக் ஆயில் தொட்டியில் அளவு தானாகவே கொஞ்சம் இறங்கும். இறங்கியிருக்கிறதே என்று ஊற்றிவிடாமல் முதலில் பேட்டைப் பாருங்கள், பேட் நன்றாக இருந்தும் இறங்கினால் கசிவு. நிலையைப் பார்ப்பதும் சரியான வகை வாங்குவதும் நம் வேலை. முழுதாக மாற்றிக் காற்று எடுக்கிற வேலையை, ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் முன்பழக்கம் இல்லாமல் தொடாதீர்கள்.

மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுகிறவர்களுக்கு ஒரே ஒரு அறிவுரை: வடிக்கிற போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் ஊற்றுகிற போல்ட்டைத் திறந்து பாருங்கள். அது துருப்பிடித்துக் கழலாமல் போனால், ஆயிலையும் வடித்துவிட்டு, புதிதாக ஊற்றவும் வழியில்லாமல், வண்டியை நகர்த்தவும் முடியாமல் நிற்பீர்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தரக்குறியீடுகள். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 "அதைவிட உசத்தி" என்று ஊற்றாதீர்கள், அதிலுள்ள கந்தகச் சேர்மம் கூடுதல், கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தை ஒன்றாக்குகிற, பித்தளையில் செய்த சின்க்ரோ வளையங்களை அது அரிக்கக்கூடும். ஆட்டோமேட்டிக், சிவிடி, இரட்டை கிளட்ச் மூன்றுக்கும் ஆயில் தனித்தனி, ஒன்றுக்கொன்று மாற்று கிடையாது. அளவு பார்ப்பதற்கே குறிப்பிட்ட வெப்பநிலை வேண்டும் என்பதால் இவற்றைப் பழகிய கையிடம் விடுவதே நல்லது. பவர் ஸ்டீயரிங் மோட்டாரில் இயங்கும் கார்களில் அதற்கு ஆயிலே கிடையாது, எண்ணெயில் இயங்குவதாக இருந்தால் மூடியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து ஊற்றுங்கள்.

ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் இரண்டும் கிளிப்பைத் திறந்து மாட்டுகிற வேலைதான், காற்று போகும் திசை காட்டும் அம்புக்குறியை மட்டும் பாருங்கள். ஏர் ஃபில்டரைக் காற்றடித்துத் தட்டித் தட்டி வருடக்கணக்கில் ஓட்டாதீர்கள், வடிதாளில் கண்ணுக்குத் தெரியாமல் ஓட்டை விழும். ஹைப்ரிட் கார் என்றால் பானெட்டுக்குள் ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடக் கூடாது, அது உயர் மின்னழுத்தம்.

வடித்த ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். ஓடிய ஆயிலில் தேய்ந்த உலோகமும் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் சேர்ந்திருக்கும், கையுறை போட்டு வேலை செய்யச் சொல்வதும் அதனால்தான். புது ஆயில் வந்த அதே கேனில் புனல் வைத்து ஊற்றி, 'பழைய ஆயில்' என்று எழுதி, மூடியை இறுக்கிப் பட்டறையிலோ சேகரிக்கும் இடத்திலோ கொடுங்கள். சுத்திகரித்து மறுபடி ஆயிலாக்க முடியும். அதில் கூலன்ட்டையும் பிரேக் ஆயிலையும் கலக்காதீர்கள், கலந்தால் அவர்கள் வாங்க மாட்டார்கள். பழைய ஃபில்டரை ஒரு நாள் கவிழ்த்து வடியவிட்டு, அந்த ஆயிலையும் அதே கேனில் சேர்த்துவிடுங்கள்.